புதுப்பிப்பு: அப்பாவின் நெஞ்சு நிணநீர்க்கணு பயொப்சி முடிவு

நெஞ்சின் நடுப்பகுதியில் வீங்கியிருந்த கணுக்களிலிருந்து ஊசி வழியே எடுத்த மாதிரி போதாமல் போனபோது, அப்பாவுக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

மீடியாஸ்டினோஸ்கோப்பி (கழுத்தடியில் சிறிதாகக் கீறி, நெஞ்சின் நடுப்பகுதிக்குள் கருவி விட்டுப் பார்க்கும் சத்திரசிகிச்சை) பற்றி வைத்தியரிடம் கேளுங்கள் என்ற யோசனையே கைகொடுத்தது. திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போனோம். முழு மயக்கம் கொடுத்து, மார்பெலும்புக்குச் சற்று மேலே, கழுத்தடியில் சுமார் 3 சென்ரிமீற்றர் கீறி, மூச்சுக்குழாயை ஒட்டிக் கருவியை இறக்கி, அதன் பக்கத்திலும் அது இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழும் இருந்த கணுக்களிலிருந்து துண்டுகள் எடுத்தார்கள். பெருநாடி (இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாய்) வளைவுக்குக் கீழுள்ள கணுக்களை இவ்வழியில் எட்டுவது கடினம் என்பதால், அவற்றுக்கு இடப்பக்க விலா எலும்புகளுக்கிடையே கீறியோ கமராத் துளை வழியாகவோ போவார்களாம். கணு இருக்கும் இடத்தைப் பொறுத்தே வழி மாறும். ஆகவே ஸ்கான் படத்தைக் கட்டாயம் கொண்டுபோங்கள்.

புற்றுநோயோ என்று பயந்திருந்தோம். வந்த முடிவு காசநோய். ஃபோர்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) இட்ட துண்டில் கிருமியை வளர்த்துச் சோதிக்க முடியாது. எனவே ஒரு துண்டை உப்புநீரில் தனியே அனுப்பும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது குரலடைப்பு. விழித்ததும் அப்பா "பிள்ளை" என்றார். காற்று மட்டுமே வந்தது. குரல்நாண் நரம்பு அருகே ஓடுவதால் இப்படி நேரலாம் என்றார்கள். மூன்று வாரத்தில் குரல் திரும்பிவிட்டது. இப்போது 6 மாத மருந்தில் இருக்கிறார்.