புதுப்பிப்பு: முட்டம் அலையோசையை 5.1 சரவுண்டில் பரப்பிய விதம்

ஸ்டீரியோவில் (இடம், வலம் என இரு சேனல்களில்) பதிவு செய்த, கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கடலோசையை 5.1 சரவுண்டின் (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர்) பின் ஸ்பீக்கர்களுக்கும் எப்படிக் கொண்டுபோவது என்று இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, அதே பதிவின் வேறொரு பகுதியைப் பின் சேனல்களில் வைக்கச் சொன்ன யோசனை. முன்பக்க ஒலியையே சில மில்லிசெகண்ட் தாமதித்துப் பின்னால் வைக்கும் வழியையும் பார்த்தேன். சரவுண்டில் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டீரியோவாகச் சுருக்கியதும் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, தகரக் குழாய்க்குள் கேட்பதுபோல் ஆகிவிட்டது. வேறு பகுதியை வைத்தால் அந்தச் சிக்கலே இல்லை.

எதிர்பாராதது ஒன்று. திற்பரப்பு அருவிக்கு இந்த முறை அற்புதமாகப் பொருந்தியது. ஓயாத இரைச்சல், எந்தப் பகுதியும் எதனுடனும் சேர்கிறது. முட்டத்திலோ பாறையில் மோதும் ஒவ்வொரு அலையும் தனித்துக் கேட்பதால், முதுகுக்குப் பின்னாலும் கடல் இருப்பதாகத் தோன்றியது. ஆகவே பெரிய மோதல்கள் இல்லாமல், நுரை வடியும் பகுதிகளை மட்டும் தேர்ந்து பின்னால் வைத்து, ஒலியளவை 6 டெசிபல் குறைத்தேன். இப்போது கரையில் நிற்கும் உணர்வு அப்படியே வருகிறது!

காற்றின் இரைச்சலைக் குறைக்க, மைக்கின் மேல் ரோம உறையும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரும் கட்டாயம். நடு சேனலை வசனத்துக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். கேட்பவரின் நேர் முன்திசையிலிருந்து அளந்தால், பின் ஸ்பீக்கர்கள் இருபுறமும் 110 பாகையில் இருக்கின்றன.