ஏர் இன்டேக்: ‘காற்றுமடை’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். வெளிக்காற்றை என்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாய்வழிதான் ஏர் இன்டேக். அதற்கு ‘காற்றுமடை’ என்ற சொல்லைப் பற்றி நீங்கள் எழுதிய மறுமொழிகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

> ‘காற்று உள்ளிழுப்பி’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம்தான். ஆனால் இந்த ஒரு சொல்லில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பங்குனியில் வள்ளியூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இந்தப் பாகத்தை நாங்களே கையால் செய்து ஒரு பிக்கப் வண்டிக்கு மாட்டினோம். தொழில் பழகும் பையன்களுக்காக நான் எழுதிவரும் கையேட்டில் அந்த வேலைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அதை எழுத உட்கார்ந்தபோதுதான் ‘உள்ளிழுப்பி’ இடித்தது.

வண்டி என் அத்தானுடையது. களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றுகிற டர்போ டீசல் வண்டி. டர்போ என்பது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் சுழலி. பழைய காற்றுக்குழாயின் வாய் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. என்ஜின் சூட்டையே திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது. 30 டிகிரி காற்று 60 டிகிரி ஆனால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்துவிடும். அதே அளவு காற்றில் ஆக்சிஜன் குறைவு, இழுவையும் குறைவு. அதனால் 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயை வாங்கி, வாயை கேபினுக்குப் பின்னால் உயரத்துக்குக் கொண்டுபோனோம். ஒரே மூலையாக 90 டிகிரி எல்போ போடாமல் இரண்டு 45 டிகிரி வளைவு. காற்று முட்டாமல் திரும்ப அதுதான் நல்லது. பிவிசி 80 டிகிரியை நெருங்கினாலே இளகும் என்பதால் டர்போவை ஒட்டிய பக்கம் சிலிக்கோன் ஹோஸ் மட்டும்தான். ஃபில்டர் டப்பா பழையதே.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என்ஜின் காற்றை ‘இழுக்கிறது’ என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் தாழ்கிறது. வெளியே இருக்கும் காற்று, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தோடு, திறந்த வழியில் தானே பாய்கிறது. டர்போ சுற்றினாலும் அதன் வாய்வரை கதை இதுதான். குளத்தில் தண்ணீர் உயர்ந்து நிற்கிறது, வயல் தாழ்ந்து கிடக்கிறது, மடையைத் திறந்தால் தண்ணீர் பாய்கிறது. வயல் தண்ணீரை உறிஞ்சுவதாக எந்த விவசாயியும் சொல்லமாட்டார். ‘உள்ளிழுப்பி’ என்று படிக்கிற பையன் அந்தக் குழாயே ஏதோ இழுக்கிறது என்று நினைப்பான். ‘காற்றுமடை’ என்று படித்தால், இது வழிதான், வழியில் அடைப்பு இருக்கக் கூடாது என்பது சொல்லிலேயே வந்துவிடும்.

எவ்வளவு காற்று என்பதையும் பாருங்கள். 2.5 லிட்டர் நான்கு வீச்சு என்ஜின் (இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்று நிரம்பும்) நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது, டர்போவின் பங்கைச் சேர்க்காமலே, நிமிடத்துக்கு 3,750 லிட்டர் காற்று போகிறது. 200 லிட்டர் டிரம்மில் கிட்டத்தட்ட 19 டிரம். அது ‘இழுப்பு’ இல்லை, பாய்ச்சல்.

> சிலம்பில் இருக்கும் ‘காலதர்’ இதற்குப் பொருந்தாதா? கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.

அருமையான சொல், ஐயா. முதலில் நானும் அதில்தான் மயங்கினேன். ஆனால் அது சன்னலைக் குறித்து நின்றுவிட்ட சொல். அப்புறம், பட்டறையில் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ‘கால்’ என்றால் கால் இல்லை என்று விளக்க வேண்டிவரும். ‘தூம்பு’ என்று எழுதிய நண்பருக்கும் இதே மறுமொழிதான்: குழாய், மதகு இரண்டுக்கும் அது பழைய சொல். ஆனால் சாக்கடை என்ற பொருளும் அதற்கு உண்டு. ஃபில்டருக்குப் பின்னால் சுத்தமான காற்று போகிற வழிக்கு அந்த நினைப்பு வேண்டாம்.

மடை என்றால் சாமிக்குப் போடும் படையலல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், எங்கள் ஊர்க் கோயில் கொடைகளில் மடை போடுவோம்; வயலில் மடை திறக்கவும் செய்வோம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இத்தனை காலம் இருந்தும் யாரும் குழம்பியதில்லை.

பட்டறை மேஸ்திரியிடம் இந்தச் சொல்லைச் சொன்னபோது அவர் குழாயைத் துடைத்துக்கொண்டே, “இது நம்ம வயக்காட்டுச் சொல்லுல்லா அண்ணாச்சி” என்றார். அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை. அடுத்த நிமிடமே, குழாயின் வாயைத் ‘தலைமடை’ என்று அவராகவே சொல்லத் தொடங்கிவிட்டார். ஒரு கலைச்சொல்லுக்கு இதைவிடப் பெரிய தேர்வு இல்லை என்பது என் எண்ணம்.

சொல் குட்டி போடுவதையும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த காற்று வரும்படி செய்தது குளிர்மடை. நான்கு சிலிண்டருக்கும் பிரிந்து போகும் மேனிஃபோல்டைக் கிளைமடை எனலாம். எனக்கு இவற்றில் மிக முக்கியமாகத் தோன்றுவது கள்ளமடை. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே எங்காவது கிளிப் தளர்ந்தாலோ ஹோஸ் வெடித்தாலோ, வடிகட்டாத காற்று புகுந்துவிடும். எங்கள் வண்டியிலேயே அது நடந்தது. திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டு ஓரமாக ஒரு மாதம் ஓடியபின் ஹோஸைக் கழற்றி, உள்ளே ஈரமான வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தேன். துணி முழுக்க வெள்ளை. ஓரிடத்தில் மட்டும் நகக்கீறல் போல ஒரு செம்மண் கோடு. அது சரியாக கிளிப் உட்கார்ந்த இடம். அந்தப் பொடி டர்போ இறக்கையையும் சிலிண்டர் சுவரையும் அரம் போல அராவும். ‘வடிகட்டிக்குப் பின்னான காற்றுக் கசிவு’ என்று எழுதினால் பையன் படித்துவிட்டுப் போய்விடுவான். ‘கள்ளமடை’ என்றால் தேடிப் பார்ப்பான்.

தண்ணீர் விஷயமும் கையேட்டில் வருகிறது. மடைவாயைப் பின்பக்கம் திருப்பி வைத்தோம். சாரலும் புழுதியும் நேரே அடிக்காது. டப்பாவின் அடியில் சின்ன வடிதுளை உண்டு. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

1934-இல் நெல்லையில் தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம்தான் அந்தக் காலத்தில் கலைச்சொல் தொகுக்கும் வேலையை முன்னின்று நடத்தியது. ஈழத்துத் தமிழறிஞர் விபுலானந்த அடிகள் போன்றவர்கள் அதில் உழைத்தார்கள். அவர்கள் பள்ளிப் பாடத்துக்காகச் செய்ததை நாம் பட்டறைக்காகவும் செய்ய வேண்டும். பட்டறைச் சொல்லுக்கு ஊற்று வயலிலும் குளத்தங்கரையிலும் இருந்தால் அது தானே புழங்கும் என்று நம்புகிறேன்.

ஒரு விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும். தஞ்சைப் பக்கம் ‘மதகு’ என்ற சொல்தான் முந்தி வரும். இலங்கை வன்னி நண்பர்கள் குளத்து மதகைத் ‘துருசு’ என்கிறார்கள். அங்கெல்லாம் ‘மடை’ என்றால் உடனே புரியுமா, அல்லது வாய்க்கால் கரையில் வெட்டும் சிறு திறப்பு மட்டும்தானா? தாமிரபரணிக்காரன் காதுக்கு இனிக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு சொல்லை எல்லார்மேலும் சுமத்த எனக்கு விருப்பமில்லை.

ஆடிக் காற்று கிளம்பினால் பணகுடிச் சாலையில் புழுதி பறக்கும், பட்டறையில் ஃபில்டர் வேலை குவியும். அதற்கு முன் கையேட்டை அச்சுக்குக் கொடுத்துவிட நினைக்கிறேன். மறுப்போ மாற்றுச் சொல்லோ இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
வள்ளியூரிலிருந்து