மகளிடம் ‘கவனமாக இரு’ என்று சொல்வதும் பழிபோடுவதும் ஒன்றா?

ஈசூன் அப்பா:
என் மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், 18 வயது. போன வாரம் உறவினர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. அலுவலக விருந்தில் கொஞ்சம் குடித்திருக்கிறாள். நேரமாகிவிட்டது, தனியாகப் போக வேண்டாம், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று டாக்சியில் கூடவே ஏறிய சக ஊழியர் அவளிடம் அத்துமீறிவிட்டார். போலீசில் புகார் கொடுத்திருக்கிறாள். இதைக் கேட்டதும் என் பெரியம்மா, "ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையுமா?" என்றார். என் மகள் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பெரியம்மா பேசியது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், பெண்பிள்ளை தன் பாதுகாப்பைத் தானும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று மகளிடம் கேட்டேன். "நீங்களும் அதையேதான் சொல்றீங்கப்பா" என்றாள். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கதவைப் பூட்டிவிட்டுப் படு என்று சொன்னால் திருடனுக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்று யாரும் சொல்வதில்லையே, இதில் மட்டும் ஏன்? உண்மையாகவே கேட்கிறேன்.

மலர், பிடோக்:
அண்ணா, பூட்டாத வீட்டில் திருடியவனை யாரும் பாதி மன்னித்து விடுவதில்லை. பெரியம்மா செய்தது அதைத்தான். அவர் பேச்சில் அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, கவனித்தீர்களா?

அந்தப் பெண் நாம் சொல்லிக்கொடுத்தபடிதான் நடந்திருக்கிறாள். இரவில் தனியாகப் போகாதே, தெரிந்தவர்களோடு போ என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம், அவளும் தெரிந்தவரோடுதான் போனாள். நாம் சொல்கிற புத்திமதி முழுக்க இருட்டு, ஆளில்லாத இடம், முன்பின் தெரியாதவன் என்றே இருக்கிறது, ஆனால் இந்த மாதிரிக் குற்றங்களைச் செய்கிறவர் பெரும்பாலும் தெரிந்தவர், உறவுக்காரர், மேலதிகாரி, காதலன், அப்பாவின் நண்பர். துணையோடு போனாலும் நடக்கிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் பஸ்ஸில் கும்பல் வல்லுறவுக்கு ஆளான அந்த மாணவி நண்பரின் துணையோடுதான் பஸ் ஏறினார். கடைசியில் உயிர் போனது இங்கே, நம் சிங்கப்பூர் மருத்துவமனையில். அவரையும் அந்த நேரத்தில் வெளியே என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

கவனமாக இரு என்று சொல்வதில் தப்பே இல்லை, நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன நேரத்தைப் பாருங்கள். அவள் மனசு கொதித்துக்கொண்டிருந்த அன்றைக்கே சொன்னால், பெரியம்மா விட்ட இடத்திலிருந்து நீங்கள் தொடர்வதாகத்தான் காதில் விழும்.

தோ பாயோ ராமு:
எனக்கும் இரண்டு பெண்கள். மலர் சொல்வதில் முக்கால்வாசி சரி, ஆனால் ஒன்று கேட்கிறேன். குற்றங்கள் குறைவு என்பதால் குற்றமே இல்லை என்று ஆகிவிடாது என்று நம் போலீசே காலங்காலமாகச் சொல்கிறது, அதைப் பழிபோடுவது என்போமா? அளவுக்கு மீறிக் குடித்தால் யாருக்கும் நிதானம் போகும், ஆபத்தில் உதவி கேட்கக்கூட முடியாது. அவன் செய்தது அயோக்கியத்தனம், சந்தேகமே இல்லை. ஆனால் அவனைப் போல ஆட்கள் இருக்கிற ஊரில்தான் என் பிள்ளைகள் நடமாட வேண்டும், அவர்கள் திருந்தும் வரை நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

சட்டத்துறைக்காரன்:
ராமு அண்ணன், வாயை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சாலை விபத்தில் நஷ்டஈடு கேட்டால் உங்கள் கவனக்குறைவுக்கும் ஒரு பங்கு கழிப்பார்கள், அது உரிமையியல் வழக்கு. குற்றவியல் வழக்கில் அப்படிப் பங்கு பிரிக்கிற பேச்சே கிடையாது. குடிபோதையில் தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரியாத நிலையில் ஒருவர் கொடுக்கும் சம்மதம் சம்மதமே ஆகாது, சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டம் 90ஆவது பிரிவு. அதாவது அவள் குடித்திருந்தது அவனுக்குச் சாக்கு ஆகாது.

சட்டமும் ஒரே நாளில் இந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. புகார் கொடுத்த பெண்ணே நடத்தை சரியில்லாதவள் என்று காட்டி அவள் சாட்சியத்தைக் குலைக்க இடம் கொடுத்த ஒரு பிரிவு நம் சாட்சியச் சட்டத்தில் 2012 வரைக்கும் இருந்தது. மனைவி என்றால் வல்லுறவுக் குற்றம் பொருந்தாது என்ற விலக்கு முழுமையாகப் போனது 2020 ஜனவரி 1 அன்றுதான். மானபங்கத்துக்கு அதிகபட்சச் சிறைத்தண்டனை 2022 மார்ச்சில் 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டானது.

அப்புறம் ஈசூன் அப்பா, ஒரு விஷயம். புகார் கொடுத்த நிமிடத்திலிருந்து அந்தப் பெண்ணை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவது குற்றம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது பெயரைப் போட்டிருந்தால் உடனே நீக்கச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்:
எனக்கு 15 வயதில் நடந்தது. செய்தவர் வீட்டுக்கு வந்துபோகிறவர், எல்லோருக்கும் பிடித்தவர். குடிக்கவில்லை, இரவில்லை, சீருடையில் இருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஏன் என்றால் அதற்குக் கொஞ்ச நாள் முன்பு செய்தியில் இப்படி ஒரு வழக்கு வந்தபோது, காய்கறி நறுக்கிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "இவ எதுக்கு அங்க போனா" என்று அம்மா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. அம்மா கெட்டவர் இல்லை, என்மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

ராமு அங்கிள், உங்கள் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்லுங்கள். கூடவே, குடித்திருந்தாலும், பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தாலும், எந்த நேரமானாலும் முதலில் எனக்குப் போன் பண்ணு, நான் திட்ட மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அங்கிள், உங்கள் மகள்கள் நீங்கள் மற்ற பெண்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தோ பாயோ ராமு:
படித்தேன் அம்மா. நீ சொன்ன அந்த வார்த்தையை நான் இதுவரை என் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. சொல்கிறேன்.

ஈசூன் அப்பா:
எல்லோருக்கும் நன்றி. பெரியம்மாவிடம் நானே பேசுகிறேன், மகள் இருக்கும்போதே. இன்னொரு கேள்வி. அந்தப் பெண்ணின் வீட்டில் அம்மா மட்டும்தான், இங்கிலீஷ் அவ்வளவாக வராது. போலீசுக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போக யாராவது கிடைப்பார்களா?

மலர், பிடோக்:
கிடைப்பார்கள் அண்ணா. அவேர் (AWARE) என்ற பெண்கள் அமைப்பு 2011இல் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே ஒரு பராமரிப்பு நிலையம் தொடங்கியது. போலீசுக்கும் கோர்ட்டுக்கும் கூடவே ஒருவரை அனுப்புவார்கள், மனநல ஆலோசனையும் உண்டு. போன் செய்யும்போதே தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கூப்பிட வேண்டுமா என்பதை மட்டும் அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும், நீங்கள் தகவலைக் கொடுத்தால் போதும்.