ராம்பேஜ் (2009): உவே போல் படம் என்று ஒதுக்கிவிடலாமா?

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
சிப்காட்டில் என்னோடு வேலை செய்யும் நண்பன் 'ராம்பேஜ்' பார் பார் என்று விடாமல் சொல்கிறான். டுவைன் ஜான்சனும் கொரில்லாவும் வரும் 2018 படமில்லை, 2009-இல் வந்தது. இயக்குநர் உவே போல் என்றதும் எனக்கு ஆர்வம் போய்விட்டது. அவருடைய 'ஹவுஸ் ஆஃப் த டெட்', 'அலோன் இன் த டார்க்' இரண்டும் வீடியோ கேமை வைத்து எடுத்தவை, இரண்டையும் என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. இது உண்மையிலேயே நல்ல த்ரில்லரா? கதையை முழுக்கச் சொல்லிவிடாமல் யாராவது சொல்லுங்கள்.

பென்னாகரம் ரோடு எடிட்டர்:
பாருங்க தம்பி. தர்மபுரியில் கல்யாண வீடியோ எடிட் செய்வதுதான் என் தொழில். ஒரு படம் நன்றாக இருந்தால் வெட்டு எங்கே விழுகிறது என்று என் கண் தானாகத் தேடும். இந்தப் படத்தில் கொஞ்ச நேரத்திலேயே தேடுவதை மறந்துவிட்டேன்.

உவே போல் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. 2006-இல் தன்னைத் திட்டிய விமர்சகர்களைக் குத்துச்சண்டைக்கு அழைத்து, மேடையேற்றி அடித்த மனிதர் அவர். 2008-இல் அவர் படம் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று இணையத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பத்து லட்சம் சேர்ந்தால் நிறுத்துகிறேன் என்றார். அதற்கு அடுத்த வருடம் வந்தது இது.

கதை சின்னது. பில் வில்லியம்சன், 23 வயது, கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை, அப்பா அம்மா வீட்டில் இருக்கிறான். தனியாகப் போய் இருக்கச் சொல்கிறார்கள். காபிக் கடையில் நுரை சரியில்லை என்று ஒரு தகராறு. இதற்கு நடுவில், பார்சலில் வரும் பாகங்களை வைத்து உடல் முழுக்க ஒரு கவசம் செய்துகொண்டிருக்கிறான். ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் துப்பாக்கியோடு இறங்குகிறான். அதற்கு முன் வெடிபொருள் ஏற்றிய வேனை ரிமோட்டில் ஓட்டிக் காவல் நிலையத்தை வெடிக்க வைத்துவிடுவதால், தடுக்க யாரும் இல்லை.

நம் படங்களில் இப்படி ஒருவன் வந்தால் இடைவேளைக்குப் பிறகு ஃபிளாஷ்பேக் வரும். தங்கச்சிக்கு என்ன ஆனது, அப்பாவை யார் அவமானப்படுத்தினார்கள் என்று காட்டி அவன் பக்கம் நம்மைச் சாய்த்துவிடுவார்கள். இங்கே அது கிடையாது. வீட்டில் அன்பு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. மக்கள்தொகை, உலக அழிவு என்று அவன் பேசுவதெல்லாம் டிவியில் கேட்டதைத் திருப்பிச் சொல்வது போலத்தான் இருக்கும். காரணம் கிடைக்காததால்தான் படம் முடிந்த பிறகும் நமக்குப் பயம் போவதில்லை.

கேமரா கையிலேயே இருக்கிறது. வசனங்களில் பெரும்பகுதி நடிகர்கள் அந்த நேரத்தில் தாங்களே பேசியது. அதனால் சாப்பாட்டு மேசைக் காட்சிகளில் ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடுவதும் பாதியில் விடுவதும் நிஜ வீட்டில் நடப்பது போலவே இருக்கும். பிரெண்டன் ஃபிளெட்சர் பில்லாக நடிக்கவே இல்லை, அப்படியே இருக்கிறார்.

பிங்கோ அரங்கக் காட்சியைத் தவறவிடாதீர்கள். பிங்கோ என்றால் நம் ஊர் கிளப்புகளில் ஆடும் தம்போலா. கவசமும் துப்பாக்கியுமாக உள்ளே வருகிறான். வயதானவர்கள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்களை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். சுற்றி நடந்து பார்த்துவிட்டு ஒருவரையும் சுடாமல் போய்விடுகிறான். இந்தக் காட்சியை வேறு பெரிய இயக்குநர் எடுத்திருந்தால் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

காவேரிப்பட்டணம் டீச்சர்:
எடிட்டர் அண்ணா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழகு நிலையக் காட்சியைப் பற்றி எச்சரிக்காமல் விட்டுவிட்டீர்களே. தண்ணீர் குடிக்க முகமூடியைக் கழற்றுகிறான், அங்கே இருக்கும் பெண்கள் முகத்தைப் பார்த்துவிட்டார்கள் என்று பிறகுதான் உறைக்கிறது. அதற்குப் பின் நடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. வன்முறையை நீட்டி நீட்டிக் காட்டும் இடங்களில் இயக்குநர் அதை ரசிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் இது கிடைக்கக் கூடாது. தம்பி, வீட்டில் எல்லாரும் இருக்கும்போது போடாதீர்கள்.

பென்னாகரம் ரோடு எடிட்டர்:
சரிதான் டீச்சர், பிள்ளைகளுக்கான படம் இல்லை. தெருவில் சுடும் காட்சிகளில் சில நீளம்தான். நானாக இருந்தால் வெட்டியிருப்பேன். ஆனால் அழகு நிலையத்தில் அவன் வெளியே போய், நின்று, திரும்பி வருகிறானே, அந்த இடைவெளியில் ரசனை எதுவும் இல்லை. அதுவரை ஒரு கொள்கைக்காகச் செய்வது போல நடந்தவன், அங்கே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக மட்டுமே கொல்கிறான். அவன் எப்படிப்பட்டவன் என்று படம் வெளிப்படையாகக் காட்டும் இடம் அதுதான்.

தம்பி, முதல் அரை மணி நேரத்தில் நண்பன் இவானோடு அவன் பேசுவதையெல்லாம் கவனமாகக் கேளுங்கள். மெதுவாகப் போகிறது என்று ஓட்டிவிட்டால் கடைசியில் நடப்பது புரியாது. மொத்தமே ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
நன்றி அண்ணா, நன்றி டீச்சர். லீவு நாளில் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். இதற்கு இரண்டாம், மூன்றாம் பாகங்களும் இருக்கின்றனவாமே?

பென்னாகரம் ரோடு எடிட்டர்:
இருக்கின்றன, 2014-லும் 2016-லும் வந்தன. இரண்டாவதில் பில் ஒரு டிவி நிலையத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். இயக்குநர் உவே போலே டிவி தயாரிப்பாளராக நடித்திருக்கிறார். முதல் பாகத்தில் அவன் சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கே பிரசங்கமாகிவிட்டது. முதலாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.