கலைச்சொல் விவாதம்: அரசுக் காட்டை ஊர்ப் பணத்தில் சீர்செய்து பராமரிப்பதற்கு ஒரு சொல்

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சூழலியல் சொற்பட்டியலில் நெடுநாளாக நிலுவையில் இருக்கும் இந்தப் பதிவுக்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: ‘சமூக நிதி வன மறுசீரமைப்பு’, ‘மக்கள் பங்களிப்புக் காடு வளர்ப்பு’, ‘வன மீட்புத் திட்டம்’, ‘காட்டுக் குடிமராமத்து’. இவற்றை எடைபோடுவதற்கு முன், சொல் சுட்டவேண்டிய வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாக வைக்கிறேன். வேலை தெளிவாகத் தெரிந்துவிட்டால் பொருந்தாத சொற்கள் தாமாகவே விலகிவிடும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் என்றொரு மலைநகரம். சுற்றிலும் கோகோனினோ தேசிய வனம். நிலம் கூட்டரசுக்குச் சொந்தம், நிர்வாகம் வனச் சேவைத் துறையிடம். 2010 ஜூனில், அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பு ஒன்று மலைச்சரிவில் பரவி ஏறத்தாழ 15,000 ஏக்கரை எரித்தது. ஷுல்ட்ஸ் தீ என்று அதற்குப் பெயர். அடுத்த மாதமே பருவமழை. எரிந்த சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சவில்லை. சேறும் வெள்ளமும் கீழே இருந்த குடியிருப்புகளுக்குள் புகுந்தன. வெள்ளத்தில் ஒரு சிறுமி இறந்துபோனாள்.

ஊர் மக்கள் அதை மறக்கவில்லை. 2012 நவம்பரில் ஒரு கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு நகரம் வாக்கெடுப்பு நடத்தியது. நகரத்துக்கு மேலே இருக்கும் டிரை லேக் குன்றுகளையும், குடிநீர் ஏரியான மேல் லேக் மேரிக்கு நீர் தரும் மார்மன் மலையையும் சீர்செய்வதற்கான பணம் அது. ஏறத்தாழ நான்கில் மூவர் சரி என்றார்கள். கடனை அடைப்பது ஊரார் கட்டும் வரி. செலவாகும் இடமோ பெரும்பாலும் ஊருக்குச் சொந்தமில்லாத கூட்டரசு நிலம். நமது சொல் சுட்டவேண்டிய மையம் இதுதான்: நிலம் அரசுடையது, பணம் ஊருடையது.

இனி, அந்தப் பணத்தில் அங்கு என்ன நடந்தது? பெரும்பாலும் மரம் வெட்டினார்கள். இதைச் சொல்லும்போது நம்மில் பலருக்கு மனம் ஒப்பாது என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது பொன்டெரோசா பைன் காடு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழ்வான தரைத்தீ வந்து புல்லையும் சருகையும் இளங்கன்றுகளையும் எரித்துவிட்டுப் போவது அதன் இயல்பு. தடித்த பட்டை கொண்ட பெரிய மரங்கள் அதில் தப்பிவிடும். 1880களில் ரயில் பாதையோடு வந்த ஆடுமாடுகள், தீயை எடுத்துச்செல்லும் புல்லை மேய்ந்து தீர்த்தன. பின்னர், எந்தத் தீயானாலும் உடனே அணைப்பதே வனத்துறையின் கொள்கையானது. 1919இல் விதையும் மழையும் ஒருசேர வாய்க்க, அளவில்லாமல் கன்றுகள் முளைத்தன. அவற்றைக் குறைக்கத் தீ வரவில்லை. சில பத்து மரங்கள் நின்ற ஏக்கரில் நூற்றுக்கணக்கான மெல்லிய மரங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும் நிலை இப்படித்தான் வந்தது. அங்கே இப்போது தீ பிடித்தால் தரையோடு நிற்பதில்லை, மரத்தின் உச்சிக்கு ஏறிவிடுகிறது.

நெருங்கி முளைத்த பயிரை உழவர் கலைத்துவிடுவதைப்போல இந்தக் காட்டையும் கலைத்துவிட வேண்டியிருக்கிறது. அதன் பிறகு, பாதுகாப்பான காலம் பார்த்துத் திட்டமிட்டு எரியூட்ட வேண்டும். வெட்டிய மெல்லிய மரத்துக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. செங்குத்தான சரிவில் வெட்டுக்கூலியோ மிக அதிகம். மர வியாபாரியை நம்பிக் காத்திருக்க முடியாததால்தான் ஊர் பணம் போடவேண்டி வந்தது.

இந்த வேலை ஒரே தடவையில் முடிவதும் இல்லை. கலைத்துவிட்ட இடத்தில் புதுக் கன்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும்; சில ஆண்டு இடைவெளியில் மீண்டும் எரியூட்டியாக வேண்டும். கடன்பத்திரப் பணம் ஒருநாள் தீரும், காடு தீராது. அதனால் ஃபிளாக்ஸ்டாஃப் பின்னாளில் தண்ணீர்க் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையையும் சேர்த்து வசூலித்து, காட்டுத்தீ தடுப்புப் பணிக்கு நிலையான வரவு தேடிக்கொண்டது. தலைப்பில் உள்ள இரண்டாவது பாதியான ‘பராமரிப்பு’ நமது சொல்லில் விடுபடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் அதே டிரை லேக் குன்றுகளில், சீர்செய்யும் வேலையில் இருந்த கனரக இயந்திரம் பாறையில் மோதிப் பறந்த பொறியிலிருந்து மியூசியம் தீ கிளம்பி ஏறத்தாழ 2,000 ஏக்கரை எரித்தது. 2021 மழையில் அந்தச் சரிவிலிருந்து இறங்கிய வெள்ளம் நகரத் தெருக்களில் ஓடியது. ஆகவே, ‘வனப் பாதுகாப்பு’ என்பதுபோல நல்ல விளைவை முன்கூட்டியே உறுதி சொல்லிவிடும் சொல் இங்கே வேண்டாம். செய்கிற வேலையைச் சொன்னால் போதும்.

இந்த அளவுகோலோடு பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘சமூக நிதி’ எளிமையானது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் எப்படிப் புரியும் என்பதுதான் என் கவலை. ‘எங்கள் சமூகம்’ என்று ஒருவர் சொன்னால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் சாதியைத்தான் சொல்கிறார். சமூக நிதி என்றால் சாதிச் சங்கத்தின் நிதி என்று படிக்க இடமிருக்கிறது. தட்டச்சில் ஒரு குறில் நெடிலாகிவிட்டால் ‘சமூக நீதி’ ஆகிவிடும். பிழைதிருத்தும் மென்பொருளும் அதைக் காட்டிக்கொடுக்காது. மேலும் ‘சமூகக் காடுகள்’ என்பது 1981இல் சுவீடன் நிதியுதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டத்தின் வழியாக வேறு பொருளில் நிலைத்துவிட்டது. ஏரி உள்வாயில் கருவேலம் வளர்த்த திட்டம் அது. அதையும் இதையும் குழப்பக் கூடாது.

நான் முன்வைப்பது ‘ஊர்நிதி’. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த பழக்கம் நமக்கு உண்டு. ஊருக்குப் பொதுவான காரியத்துக்கு ஊரார் தங்களுக்குள் விதித்துக்கொள்ளும் பணம் என்ற கருத்து, அச்சொல்லில் விளக்கம் இல்லாமலே வந்துவிடுகிறது. ‘ஊர் என்றால் கிராமம் அல்லவா, நகரத்துக்குப் பொருந்துமா?’ என்று ஒரு தோழர் கேட்டிருந்தார். சென்னைக்காரரிடமும் ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்றுதானே கேட்கிறோம்? குக்கிராமம் முதல் மாநகரம் வரை தாங்கும் சொல் அது. ‘உள்ளாட்சி நிதி’ என்றும் சொல்லலாம்தான். ஆனால் அது மாநில அரசு உள்ளாட்சிக்கு ஒதுக்கும் பணத்தையும் குறிக்கும் என்பதால் நமது மையப் பொருளே நழுவிவிடும்.

‘காடு வளர்ப்பு’ இங்கே அடியோடு பொருந்தாது. மரம் வெட்டும் வேலைக்குக் காடு வளர்ப்பு என்று பெயர் வைத்தால் படிப்பவர் மரம் நடும் விழாவைத்தான் நினைப்பார்.

‘வன மீட்பு’ கவர்ச்சியான பரிந்துரை. ஆனால் நாளிதழில் ‘50 ஏக்கர் வனநிலம் மீட்பு’ என்று வந்தால் அது ஆக்கிரமிப்பை அகற்றிய செய்தி. மலைவாழ் மக்களை வெளியேற்றிய இடங்களிலும் அதே சொல்தான் பயன்பட்டிருக்கிறது. அந்தச் சுமையோடு இச்சொல்லை எடுத்துவரக் கூடாது. ‘திருத்தம்’ என்று ஒருவர் இடையில் எழுதியிருந்தார்; காடு திருத்திக் கழனியாக்குவது என்பது நம் மொழியில் காட்டையே அழித்து வயலாக்குவது. நேர் எதிர்ப்பொருள் வந்துவிடும். ‘மறுசீரமைப்பு’ தொகுதிகளுக்கும் துறைகளுக்கும் போய்விட்டது. ‘புனரமைப்பு’ கட்டடத்துக்கும் கோயிலுக்கும்.

மீட்கப்படுவது நிலமா, நிலையா என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. காட்டின் சீர் குலைந்திருக்கிறது. அந்தச் சீரைத்தான் மீட்கிறோம். ஆகவே ‘சீர்மீட்பு’. மீட்ட சீரை ஆண்டுக்காண்டு காப்பாற்றுவது ‘சீர்பேணல்’. இரண்டும் ஒரே அடியில் பிறந்தவை என்பதால், ஒன்றன் தொடர்ச்சி மற்றொன்று என்பதும் விளங்கும். ஓடைக்கும் சதுப்புக்கும் புல்வெளிக்கும் இவை அப்படியே பொருந்தும். நீலகிரியில் அயல் மரங்களை அகற்றிச் சோலைப் புல்வெளியைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகளும் சீர்மீட்புதான். அவற்றுள் எது ஊர்நிதியில் நடக்கிறது என்பது தனிக் கேள்வி.

‘குடிமராமத்து’ பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனெனில் நான்கில் அதுவே வலுவான பரிந்துரை. பொதுவான ஏரியை, அதனால் பயன்பெறும் குடிகளே தூர்வாரிக் கரை பலப்படுத்தும் முறை. நாம் தேடும் கருத்துக்கு மிக நெருக்கம். ஆனால் இரண்டு தடைகள் இருக்கின்றன. அந்த முறையில் ஊரார் தந்தது முதன்மையாக உழைப்பு. 1858ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் அந்த உழைப்பைக் கட்டாயமாகவும் ஆக்கியது. வாக்களித்து விரும்பி ஏற்ற வரியை அச்சொல்லால் குறிப்பது பொருந்தவில்லை. இரண்டாவது, 2017 முதல் தமிழ்நாடு அரசு நடத்திய திட்டத்தின் பெயராக அது மீண்டும் புழக்கத்துக்கு வந்து, ஏரி, கண்மாயோடு முன்னைவிட இறுக்கமாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

என்றாலும் ‘மராமத்து’ என்ற பகுதியைக் கைவிட எனக்கு மனமில்லை. அரசுக் காடுகளில் நடக்கும் வேலைகளில் ஒரு பெரும்பங்கு மரத்தைப் பற்றியதே அல்ல. நடைபாதை, காட்டுச் சாலை, முகாம் இடம், ஓடையைக் கடக்கும் குழாய்ப் பாலம் எல்லாம் அதில் அடங்கும். மனிதர் கட்டியதைப் பழுதுபார்ப்பதற்கு ‘காட்டு மராமத்து’ என்போம். உயிருள்ள காட்டுக்குச் சீர்மீட்பு, சீர்பேணல்.

எல்லையில் நிற்கும் சில நேர்வுகளையும் முடிவுசெய்துகொள்வது நல்லது. கொலராடோவில் 1996, 2002 தீக்களுக்குப் பின் அணையில் வண்டல் சேர்ந்து பெரும் செலவுக்கு ஆளான டென்வர் குடிநீர் வாரியம், 2010இல் வனச் சேவையோடு ஒப்பந்தம் செய்து மொத்தம் 3.3 கோடி டாலரைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டது. வாரியத்தின் பங்கு தண்ணீர்க் கட்டணத்திலிருந்து வருவது, அது ஊர்நிதி. கலிபோர்னியாவின் யூபா ஆற்றுப்படுகையில் 2018இல் தனியார் முதலீட்டாளர்கள் 40 லட்சம் டாலர் முன்பணம் போட்டார்கள், நீர் நிறுவனமும் மாநில அரசும் அதைத் திருப்பித் தர ஏற்றுக்கொண்டன. முன்பணம் முதலீடு என்பதால் அதைத் தனிப் பதிவாக்கலாம்.

சிக்கலானது அமெரிக்க ஊரக மாவட்டங்களின் நேர்வு. தேசிய வனங்களின் வருவாயில் 25 விழுக்காடு உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் என்று 1908 சட்டம் வகுத்திருந்தது. மர விற்பனை சரிந்ததும் அந்த வரவு வற்றியது. ஈடுகட்ட 2000இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி மாவட்டங்கள் தங்களுக்கு வரும் தொகையில் ஒரு பகுதியைக் காட்டு வேலைக்கென ஒதுக்கலாம். எந்த வேலை என்று பரிந்துரைப்பது 15 பேர் கொண்ட உள்ளூர்க் குழு: காட்டைத் தொழிலுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படுத்துவோர், சூழல் ஆர்வலர்கள் உள்ளிட்டோர், உள்ளூர் அதிகாரிகளும் பழங்குடிப் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் அடங்கியோர் என மூன்று பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் பெரும்பான்மை கிடைத்தால்தான் வேலை நிறைவேறும். மரம் வெட்டுவோரும் மரம் காப்போரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டாக வேண்டும் என்ற அந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. பணம் கூட்டரசுக் கருவூலத்திலிருந்து வந்தாலும், அது ஊருக்கு உரிய பங்கு, ஒதுக்குவதும் ஊர். எனவே ஊர்நிதிக்குள் சேர்க்கலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

‘பொதுக்காடு’ என்பதற்கு மாற்றாக ‘அரசுக் காடு’ என்று வைத்திருக்கிறேன். பொது என்றால் மேய்ச்சல் புறம்போக்குபோல ஊரின் கையில் இருப்பது என்று தோன்றும். இங்கே நிலம் ஊரின் கையில் இல்லை என்பதே செய்தி.

பதிவு இப்படி அமையலாம்:

அரசுக்காட்டு ஊர்நிதிச் சீர்மீட்பு (பெ.): அரசுக்குச் சொந்தமான காட்டின் குலைந்த நிலையை, அக்காட்டால் பயனோ பாதிப்போ அடையும் ஊரார் தம் வரி, கட்டணம், கடன்பத்திரம் அல்லது தமக்குரிய வருவாய்ப் பங்கைக் கொண்டு சரிசெய்யும் பணி. சுருக்கம்: ஊர்நிதிச் சீர்மீட்பு. தொடர்பணி: சீர்பேணல். காண்க: காட்டு மராமத்து.

ஒரு சொல் மட்டும் இன்னும் பாக்கி. மேலே ‘குழாய்ப் பாலம்’ என்று எழுதியிருக்கிறேன். மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிச்செல்லத் தடையாக இருக்கும் பழைய குழாய்களை எடுத்துவிட்டு அகலமானவை போடுவது இத்திட்டங்களில் அடிக்கடி வரும் வேலை. தமிழ்நாட்டில் சிறுபாலம் என்கிறோம், இலங்கையில் மதகு என்பார்கள். நமக்கோ மதகு என்றால் ஏரியில் தண்ணீர் திறந்துவிடும் இடம். ஈழத்து நண்பர்கள் இந்த வாரத்துக்குள் எழுதினால் இரண்டையும் ஒரே பதிவில் சேர்த்து அனுப்பிவிடலாம்.