ஏரி நீர்மட்டம்: ஜிபிஎஸ் சிக்னல் 4 மீட்டருக்குப் பதில் 1.6 மீட்டர் காட்டுகிறது

கலிங்கு:
தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஜிபிஎஸ் சிக்னல் நேரடி சிக்னலோடு கலப்பதால் வலிமை அலையாக ஏறி இறங்கும்; அதை வைத்து ஏரி நீர்மட்டத்தை அளக்கப் பார்க்கிறேன். ஏரியின் கிழக்குக் கரையில் கம்பம் நட்டு, நியோ-எம்8என் ஜிபிஎஸ் ரிசீவரும் சாதாரண பேட்ச் ஆன்டெனாவும் மாட்டியிருக்கிறேன். ஆன்டெனா வானத்தைப் பார்த்தபடி, தண்ணீருக்கு 4 மீ. மேலே. தண்ணீர் முழுக்க மேற்கே. ரிசீவர் தரும் ஜிஎஸ்வி வரிகளை (செயற்கைக்கோளின் எண், கோணம், சிக்னல் வலிமை) நொடிக்கொரு முறை சேமித்து, ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் வலிமையையும் ஏற்றக் கோணத்தின் (அடிவானத்திலிருந்து எவ்வளவு மேலே என்பது) சைனுக்கு எதிரே வைத்து, 5 முதல் 25 டிகிரி வரை லோம்ப்-ஸ்கார்கிள் (சீரற்ற இடைவெளித் தரவில் அலைவெண் தேடும் கணக்கு) போட்டு, அதை உயரமாக மாற்றுகிறேன். சிலவற்றில் 4 மீ. அருகே முகடு, பலவற்றில் 1.6 மீ. அருகே. கரைச் சரிவில் பட்டுத் திரும்புவதா, கணக்குப் பிழையா?

அலைநீளம்:
கோணம்தான் காரணம். ஜிஎஸ்வி அதை முழு டிகிரியாகத்தான் தரும். ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசைக்கு அலைநீளம் 0.1903 மீ.; உயரம் 4 மீ. என்றால் 2×4/0.1903, அதாவது சைன் அலகுக்கு 42 சுற்று. டிகிரிக்கு ஒரு படி வீதம் உங்களிடம் இருப்பதோ சைன் அலகுக்குச் சுமார் 59 படிகள். படிகள் இவ்வளவு அரிதென்றால் அசல் அலையோடு அதன் மடங்கிய பிம்பமும் தோன்றும்: 59-இல் 42 போக 17, அதை அரை அலைநீளமான 0.095-ஆல் பெருக்கினால் 1.6 மீ. உங்கள் பொய் முகடு அதுதான்.

ஜிஎஸ்வியிலிருந்து செயற்கைக்கோள் எண்ணையும் வலிமையையும் மட்டும் எடுங்கள். கோணத்தை சுற்றுப்பாதைத் தரவிலிருந்து கணக்கிடுங்கள். ஜிஎஸ்வி வரியில் நேரம் இருக்காது, ரிசீவர் அதே நொடியில் தரும் ஆர்எம்சி வரியில் பாருங்கள். அது யுடிசி (உலகப் பொது நேரம்), ஜிபிஎஸ் நேரம் அதைவிட 18 நொடி கூடுதல். இந்திய நேரத்தை இடையில் நுழைக்கவே வேண்டாம்.

வலிமையும் முழு டெசிபலாகத்தான் வரும், அதனால் 10 நொடிக்கு சராசரி எடுங்கள். டெசிபலை 20-ஆல் வகுத்து 10-இன் அடுக்காக்கி, நேரடி சிக்னலின் மெதுவான போக்கை நீக்க இருபடிச் சமன்பாடு பொருத்திக் கழித்த பிறகே லோம்ப்-ஸ்கார்கிள். முகடு பின்னணி இரைச்சலைப் போல் 3 மடங்காவது இல்லையென்றால் அந்த வளைவை (ஒரு செயற்கைக்கோளின் ஒரு ஏற்றம் அல்லது இறக்கம்) தள்ளிவிடலாம்.

வடகரை:
கோணம் சரியானாலும் கரைச் சரிவை மறக்காதீர்கள். 4 மீ. உயரத்தில், 5 டிகிரிக்குச் சிக்னல் பட்டுத் திரும்பும் இடத்தின் மையம் கம்பத்திலிருந்து ஏறக்குறைய 58 மீ. தள்ளி, 25 டிகிரிக்கு 9 மீட்டர்தான், அது கரைக் கல்லிலேயே விழலாம். மேல் வரம்பை 18-க்கு இறக்கி, திசையை (வடக்கு 0 என வைத்து) 210 முதல் 320 டிகிரிக்குள் கட்டுங்கள். காற்றில் அலை எழும்போதும் உயர் கோணப் பகுதிதான் முதலில் கெடும்.

ஆன்டெனாவை வானம் பார்க்க வைப்பது இந்த வேலைக்கு நட்டம். முகத்தை ஏரிப்பக்கம் செங்குத்தாகத் திருப்பினால் திரும்பி வரும் சிக்னல் நன்றாகக் கூடும். ரிசீவர் தரவு அனுப்பும் வேகம் 9600 பாட் என்றால் ஜிஎஸ்வி வரிகள் அறுபடலாம். 38400 வையுங்கள், இங்கே தேவையில்லாத ஜிஎல்எல், விடிஜி வரிகளை நிறுத்திவிடுங்கள்.

கோடையில் தண்ணீர் பின்வாங்கினால் கணக்கு சேற்றின் உயரத்தைக் காட்டும். வரைபடத்தில் மட்டம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் ஏரி நிலையாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், போய்ப் பாருங்கள். ஆகாயத்தாமரை படர்ந்தாலும் முகடு மங்கும்.

கலிங்கு:
நன்றி. இந்தியாவின் நாவிக் வழிகாட்டல் செயற்கைக்கோள்களையும் சேர்க்கலாமா? வேறொரு ஏரியில் தெற்குக் கரைதான் வசதி, அங்கே தண்ணீர் வடக்கே.

அலைநீளம்:
நாவிக் உதவாது. அதன் புவிநிலைச் செயற்கைக்கோள்களின் கோணம் பெரிதாக மாறுவதில்லை. மற்றவையும் நம் வானில் உயரத்திலேயே சுற்றுகின்றன, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. எம்8என் அதைப் பிடிக்கவும் பிடிக்காது.

தெற்குக் கரையைத் தவிருங்கள். ஜிபிஎஸ் சுற்றுப்பாதைச் சாய்வு 55 டிகிரி. அதனால் சென்னை அட்சரேகையில் 10 டிகிரி ஏற்றத்தில் வடக்குக்கு இருபுறமும் 35 டிகிரி வரை வானம் காலி. ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களைச் சேர்த்தாலும் 24 டிகிரி வரை காலிதான். வடக்குக் கரையில் தெற்கு பார்த்து வைத்தால் இந்தச் சிக்கலே கிடையாது.

மதகடி அளவுகோலோடு ஒப்பிடும்போது ஒரு வளைவின் மதிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், சில செ.மீ. சிதறும். நாள் சராசரியை எடுங்கள். வளிமண்டல விலகல் திருத்தமும் போடுங்கள்: 5 டிகிரியில் அது ஏறக்குறைய 0.16 டிகிரி.