புதுப்பிப்பு: ஆன்கிரின் பதிவில் விட்டுப்போனது

சிவப்பணுவின் சவ்வை உள்ளே இருக்கும் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வலையோடு பிணைக்கும் ஆன்கிரின் புரதம் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அது பழுதானவர்களுக்கு மண்ணீரலை எடுத்தால் எப்படிச் சரியாகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

சிவப்பணு சரியாவதே இல்லை. பிடிப்பு தளர்ந்த சவ்வு துணுக்குத் துணுக்காகக் கழன்றுபோக, நடுவில் குழிந்த தட்டு போன்ற அணு உருண்டையாகிவிடுகிறது. உருண்டைக்கு வளைந்து நெளியத் தெரியாது. மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் மாட்டிச் சிதைகிறது. அதனால்தான் சோகை, மஞ்சள் காமாலை, சின்ன வயதிலேயே பித்தப்பைக் கல். மண்ணீரல் போனால் மாட்டும் இடம் போகிறது, அவ்வளவுதான். பதிலுக்கு நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று பயம் வரும். ஆகவே முன்கூட்டியே தடுப்பூசி, குழந்தைகளுக்குக் கூடுமானவரை 6 வயது தாண்டியே அறுவை.

அப்புறம், இதயத்தில் ஆன்கிரினின் பங்காளிப் புரதம் ஆன்கிரின்-பி. அதன் மரபணுவில் வரும் பிறழ்வு துடிப்பின் லயத்தைக் குலைப்பதை 2003இல் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதைத் தனியாக எழுதுகிறேன்.